தீர்க்கப்பட்டது: தகவல் பாதுகாப்புத் துறையின் மேலான பார்வைக்கு ஒரு விளக்கக் குறிப்பு

கேவிஎம் சுவிட்ச் என்பது ஒரே மானிட்டர், கீபோர்டு, மவுஸ் மூன்றையும் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கணினிகளுக்கு மாற்றி மாற்றிக் கொடுக்கும் பெட்டி. இரண்டு கணினிக்கானது உள்ளங்கையில் அடங்கிவிடும். முன்பக்கம் ஒரு பொத்தான், பின்பக்கம் கேபிள்கள். அழுத்தினால் ஒரு கணினி திரைக்கு வரும், மறுபடி அழுத்தினால் அடுத்தது வரும். அடுக்கடுக்காக நிற்கும் சர்வர் ஒவ்வொன்றுக்கும் தனி மானிட்டர் வைக்க இடமில்லாத அறைகளில்தான் இதற்கு முதலில் வேலை இருந்தது. மேன்மை தங்கிய தகவல் பாதுகாப்புத் துறையின் சொந்த சர்வர் அறையிலும் இதன் பெரிய வடிவம் ஒன்று இருக்கக்கூடும். அங்கே இருந்தால் அதன் பெயர் உள்கட்டமைப்பு. ஊழியரின் வீட்டு மேசையில் இருந்தால் அதே பெட்டி பாதுகாப்புச் சம்பவம்.

2020 மார்ச் 25 அன்று நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கியபோது அலுவலகங்கள் வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. நிறுவனம் தன் பங்குக்கு ஒரு லேப்டாப், சார்ஜர், முதுகுப்பை ஆகியவற்றைக் கொடுத்தது. மேசை, நாற்காலி, மின்சாரம், இணையம், குழந்தை அழாத ஒரு மணி நேரம் ஆகியவை வீட்டின் பங்கு. பல வீடுகளில் ஏற்கெனவே ஒரு கணினி இருந்தது. வருமான வரிக் கணக்கு, தட்கல் டிக்கெட், பிள்ளையின் பள்ளிப் பாடம் எல்லாம் அதில்தான். பெரிய மானிட்டரும் நல்ல கீபோர்டும் அதற்காக வாங்கியவை. அதே மேசையில் இன்னொரு ஜோடி வைக்க இடம் இல்லாதபோது, சென்னைக்காரர் ரிச்சி தெருவுக்குப் போய் இந்தப் பெட்டியை வாங்கிவருவது இயல்பு. வாரத்தில் சில நாள் அலுவலகம், சில நாள் வீடு என்ற ஏற்பாடு வந்த பிறகும் பெட்டி மேசையை விட்டுப் போகவில்லை.

இக்குறிப்புக்கு உடனடிக் காரணம் சென்ற செவ்வாய்க்கிழமை நடந்தது. சம்பந்தப்பட்ட ஊழியர் வாடிக்கையாளர் கூட்டத்தில் தன் திரையைப் பகிர்ந்திருந்தார். இடையில் பள்ளிக் கட்டணம் கட்ட வீட்டுக் கணினிக்குப் போய்த் திரும்பினார். அலுவலக லேப்டாப்பில் சிவப்பு நிற அறிவிப்பு ஒன்று திரை முழுக்க விரிந்தது: அங்கீகரிக்கப்படாத உள்ளீட்டுச் சாதனம். கீபோர்டும் மவுஸும் செத்துக் கிடந்தன. லேப்டாப், மானிட்டருக்குப் பின்னால் இரண்டு டெலிபோன் டைரக்டரிகளுக்கு அடியில் மூடிக் கிடந்தது. அதைத் தோண்டி எடுக்கும் வரை அந்தச் சிவப்பு அறிவிப்பை வாடிக்கையாளரும் பார்த்துக்கொண்டிருந்தார், உங்களை யாராவது ஹேக் செய்துவிட்டார்களா என்று அக்கறையோடு விசாரித்தார். செல்போன் வழியே துறைக்கு டிக்கெட் போடப்பட்டது. துறையின் பதில் விரைவாக வந்தது: தங்கள் கோரிக்கை தீர்க்கப்பட்டது, அனுபவத்தை ஐந்து நட்சத்திரத்தில் மதிப்பிடவும். கூடவே, கீழே கிடக்கும் பென் டிரைவை எடுத்து லேப்டாப்பில் செருகக் கூடாது என்று கார்ட்டூன் கரடி ஒன்று போதிக்கும் கட்டாயப் பயிற்சியும் வந்தது. அதன் நகல் ஊழியரின் மேலாளருக்கும், மேலாளரின் மேலாளருக்கும் போனது. பயிற்சியின் முடிவில் தேர்வு, தேர்வின் முடிவில் சான்றிதழ். கீபோர்டு இன்னும் செத்துத்தான் கிடக்கிறது. துறையின் பதிவேட்டில் அது தீர்க்கப்பட்டது.

அந்தச் சிவப்பு அறிவிப்பு ஏன் வந்தது என்பதை யூஎஸ்பியிலிருந்து தொடங்கவேண்டும். அது 1996-இல் வந்தது. ஒரு சாதனத்தைச் செருகியதும் கணினி அதை யார் என்று கேட்கும். சாதனம் தயாரிப்பாளர் எண், பொருள் எண் என்று இரண்டு 16 பிட் எண்களைச் சொல்லி, தான் இன்ன வகை என்றும் சொல்லும். கேவிஎம் பெட்டிகள் இந்தக் கேள்வியை இருவிதமாகச் சமாளிக்கின்றன. மலிவான பெட்டி, பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு முறையும் கீபோர்டை ஒரு கணினியிலிருந்து பிடுங்கி மற்றதில் செருகுகிறது. கணினியின் பார்வையில் அது நிஜமாகவே பிடுங்கிச் செருகியதுதான். விலை கூடிய பெட்டி, இரண்டு கணினிகளிடமும் தானே ஒரு கீபோர்டு என்று எப்போதும் சொல்லிக்கொண்டிருக்கும். உண்மையான கீபோர்டு அதன் முதுகுக்குப் பின்னால் இருக்கும். துறையின் காவல் மென்பொருளுக்கு இரண்டுமே பிடிக்காது. முதலாவது நாள் முழுக்கச் செருகிப் பிடுங்கப்படுவதால் சந்தேகம். இரண்டாவதன் எண்கள் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இல்லாததால் சந்தேகம்.

துறையின் அச்சம் வீண் அச்சம் அல்ல என்பதைப் பணிவோடு பதிவு செய்யவேண்டும். 2014-இல் லாஸ் வேகஸில் நடந்த பிளாக் ஹேட் மாநாட்டில் கார்ஸ்டன் நோல், யாகோப் லெல் என்ற ஆய்வாளர்கள் பேட் யூஎஸ்பி என்ற தாக்குதலை விளக்கினார்கள். ஒரு பென் டிரைவின் உள்நிரலை மாற்றி எழுதினால், அது தன்னைக் கீபோர்டு என்று அறிமுகம் செய்துகொண்டு தானே கட்டளைகளைத் தட்டச்சு செய்யும். கீபோர்டு என்று எது சொன்னாலும் கணினி நம்பிவிடுவதே காரணம். ஆகவே கீபோர்டு என்று சொல்லும் எதையும் நம்பாதிருப்பது துறையின் தொலைநோக்கு. ஆனால் லேப்டாப்பைக் கொடுத்தவர்கள் கீபோர்டு கொடுக்கவில்லை. மானிட்டர் கொடுக்கவில்லை. எது வாங்கலாம் என்று ஒரு வரி எழுதிக் கேட்டபோது பதில் சொல்லவில்லை. சொந்தக் காசில் வாங்கியதைத் தடுத்து, தடுத்ததை ஊர் பார்க்கக் காட்டி, நகலை மேலே அனுப்பிவிட்டுக் கரடிப் படம் போட்டுக் காட்டுவதற்குப் பெயர் பாதுகாப்பு அல்ல, அவமதிப்பு. துறையின் அயராத உழைப்புக்கு இந்நேரத்தில் நன்றி தெரிவிப்பதும் கடமையாகிறது.

படம் வரும் வழி தனிச் சிக்கல். மானிட்டர் கணினியோடு இணையும்போது ஈடிஐடி எனப்படும் தகவல் தொகுப்பைக் கொடுக்கிறது. அதன் அடிப்படைப் பகுதி 128 பைட். தயாரித்தவர் யார், எந்த ஆண்டின் எந்த வாரத்தில் பிறந்தது, எந்தெந்தத் தெளிவில் காட்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். கிட்டத்தட்ட ஜாதகம். மலிவான பெட்டி, பொத்தானை அழுத்தியதும் ஜாதகத்தையும் சேர்த்துப் பறித்துவிடுகிறது. திரையை இழந்த கணினி, மானிட்டரே இல்லை என்று முடிவு கட்டித் திறந்திருந்த ஜன்னல்களையெல்லாம் தன் சிறிய திரைக்குள் அள்ளிக் குவிக்கிறது. மூடி வைத்த லேப்டாப் சில அமைப்புகளில் தூங்கியே போய்விடும். எழுப்பினால் விபிஎன் அறுந்திருக்கும், பாஸ்வேர்டு, பிறகு ஓடிபி, பிறகு இன்னொரு பாஸ்வேர்டு. ஜாதகத்தின் நகல் ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டு கணினிகளுக்கும் எப்போதும் காட்டிக்கொண்டிருக்கும் பெட்டிகளும் உண்டு. விற்பனைப் பெட்டியின் மேல் ஈடிஐடி எமுலேஷன் என்று அச்சிட்டிருந்தால் அந்த ரகம். காசைக் கூடக் கொடுத்து இதைத்தான் வாங்கவேண்டும்.

4கே மானிட்டருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 3840 க்கு 2160 புள்ளிகள், வினாடிக்கு 60 முறை, புள்ளிக்கு 24 பிட் என்றால் வினாடிக்கு ஏறத்தாழ 11.9 கிகாபிட். எச்டிஎம்ஐ 1.4-இன் மொத்தக் கொள்ளளவே 10.2 கிகாபிட் என்பதால், அந்தத் தலைமுறைப் பெட்டியில் 4கே வினாடிக்கு 30 முறைதான் வரும். மவுஸ் அம்பு திக்கித் திக்கி நகரும். 2013-இல் வந்த எச்டிஎம்ஐ 2.0, 18 கிகாபிட் தாங்கும். திக்கும் அம்பு பற்றியும் ஒரு டிக்கெட் போடப்பட்டது. லேப்டாப்பை ஒருமுறை அணைத்துப் போடுமாறு அறிவுரை வந்து, அதுவும் தீர்க்கப்பட்டது.

பொத்தானைத் தொடாமல் கீபோர்டிலிருந்தே மாறுவதற்கும் வழி இருக்கிறது. பல பெட்டிகளில் ஸ்க்ரோல் லாக் விசையை இருமுறை தட்டினால் கணினி மாறும். 1981-இன் ஐபிஎம் பிசி கீபோர்டிலேயே இருந்த விசை இது; இன்று பலருக்கு வேறெதற்கும் பயன்படுவதில்லை என்பதாலேயே இந்த வேலை அதற்குக் கிடைத்தது. சிறிய கீபோர்டுகளில் அந்த விசையே இருப்பதில்லை, வாங்கும் முன் பார்த்துக்கொள்வது நல்லது. மாறிவிட்டது என்று நினைத்துக்கொண்டு தட்டச்சு செய்வதுதான் இதில் உண்மையான ஆபத்து. அலுவலக பாஸ்வேர்டு, வீட்டுக் கணினியில் திறந்திருக்கும் குடும்ப வாட்ஸாப் குழுவுக்குள் போய் விழும். சித்தப்பா அதற்கு ஒரு கட்டைவிரலும் போடுவார். துறையின் பயிற்சியில் கரடி இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

பெட்டி இல்லாமலே காரியம் நடக்கும் வழிகளும் உண்டு. பெரும்பாலான மானிட்டர்களில் இரண்டு உள்ளீடுகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு கணினியை நேரடியாக இணைத்துவிட்டு, கீபோர்டுக்கும் மவுஸுக்கும் மட்டும் மலிவான யூஎஸ்பி மாற்றி ஒன்றை வைத்துக்கொள்ளலாம். படம் பெட்டிக்குள் போகாததால் 4கே கவலை இல்லை. மானிட்டரின் பொத்தான் வேறு, மாற்றியின் பொத்தான் வேறு என்பது மட்டும் சற்றுத் தொல்லை. அதற்கும் டிடிசி சிஐ என்ற வழி இருக்கிறது. அதன்மூலம் கணினியில் இருக்கும் சிறு நிரலே மானிட்டரின் உள்ளீட்டை மாற்றச் சொல்லும். அந்தச் சிறு நிரலை அலுவலக லேப்டாப்பில் நிறுவத் துறையின் அனுமதி வேண்டும். மூன்று கணினிகளை நினைவில் வைத்துக்கொள்ளும் புளூடூத் கீபோர்டுகள் கிடைக்கின்றன. புளூடூத்தைத் துறை பூட்டியிருக்கிறது. இரண்டு கணினிக்கும் தனித்தனித் திரை இருந்தால், வலையமைப்பின் வழியே ஒரே கீபோர்டையும் மவுஸையும் பகிரும் மென்பொருள்கள் உண்டு: 2001 முதல் சினர்ஜி, 2011 முதல் மைக்ரோசாப்டின் மவுஸ் விதவுட் பார்டர்ஸ், ஆப்பிள் கணினிகளில் 2022 முதல் யுனிவர்சல் கண்ட்ரோல். இவற்றையும் துறை அனுமதிப்பதில்லை. வீட்டுக் கணினியிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் மூலம் அலுவலக லேப்டாப்புக்குள் நுழைவதைத் துறை கற்பனையில்கூட அனுமதிக்காது. இந்த ஒன்றில் துறை சொல்வது சரி. மற்றவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கோரிக்கை வைக்கப்பட்டு, ஒவ்வொன்றும் தனித்தனியே தீர்க்கப்பட்டது.

ராணுவம், உளவு போன்ற இடங்களுக்கென்று தனி ரகப் பெட்டிகளும் இருக்கின்றன. அமெரிக்காவில் நயாப் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அமைப்பு, இவற்றுக்கென்றே பாதுகாப்பு வரையறை வகுத்திருக்கிறது. இவற்றில் கீபோர்டின் தகவல் ஒரே திசையில்தான் போகும், ஒரு கணினியில் தட்டியது பெட்டியின் நினைவில் தங்கி அடுத்த கணினிக்குப் போகாது, பென் டிரைவைச் செருகினால் ஏற்காது, திறந்து பார்க்க முயன்றால் செயலிழந்துவிடும். ஒரே மேசையில் ரகசியக் கணினியும் சாதாரணக் கணினியும் ஒரே கீபோர்டைப் பகிர்வதற்காகவே செய்யப்பட்டவை என்பதால், ராணுவங்கள் சமாளித்த சிக்கலை ஒரு மென்பொருள் நிறுவனமும் சமாளிக்கலாம் என்று கருத இடமுண்டு. விலை சாதாரணப் பெட்டியைப் போலப் பல மடங்கு. துறை வாங்கிக் கொடுத்தால் ஊழியர் மறுக்கமாட்டார்.

கடைசி வழி கையால் கேபிளைப் பிடுங்கிச் செருகுவது. சாதாரண யூஎஸ்பி ஏ இணைப்பி குறைந்தது 1,500 முறை செருகுவதைத் தாங்கவேண்டும் என்பது தர அளவு, யூஎஸ்பி சிக்கு 10,000. ஒரு நாளைக்கு நான்கு முறை மாற்றினால் முதலாவது 375 வேலைநாளில் தன் கணக்கை முடித்துக்கொள்ளும், பிறகு தேயப்போவது நிறுவனத்தின் லேப்டாப்பில் இருக்கும் துளை. கையால் செருகினாலும் காவல் மென்பொருளுக்கு அது சந்தேகமே என்பதால் இந்த வழியிலும் மானம் தப்பாது. ஐந்து லட்ச ரூபாய் மென்பொருளை வைத்துக்கொண்டு ஒரு கீபோர்டை இன்னொரு கீபோர்டிலிருந்து பிரித்தறியத் தெரியாதா என்று கேட்கத் தோன்றும். துறையின் பணிச்சுமையை எண்ணி அந்தக் கேள்வி இங்கே கேட்கப்படவில்லை.

கோரப்படுவது சிறியது. ஈடிஐடி எமுலேஷனும் எச்டிஎம்ஐ 2.0-வும் உள்ள ஏதாவது இரண்டு மாடல்களைத் துறையே தேர்ந்து, அவற்றின் யூஎஸ்பி எண்களை அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் சேர்க்கவேண்டும். தடுக்கும்போது வரும் அறிவிப்பு, பகிரப்பட்ட திரையில் தெரியாதபடி செய்யவேண்டும். டிக்கெட்டை மூடும் முன், போட்டவரிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும். சாதன அனுமதிக்கான படிவம் துறையின் தளத்தில் இருப்பதாகத் தெரியவந்து, அது முறைப்படி நிரப்பப்பட்டுவிட்டது. சாதனம் வைக்கப்படும் இடம் என்ற கட்டாயக் கட்டத்தில் அலுவலகக் கட்டடத்தின் தளங்கள் மட்டுமே இருக்கின்றன, வீடு என்பது பட்டியலில் இல்லை. வேறு வழியின்றி மூன்றாம் தளம், பேன்ட்ரி என்று தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது. பரிசோதனைக்கு வரும் அலுவலர் காபி மெஷினுக்குப் பின்னால் தேடிச் சிரமப்பட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளப்படுகிறது.