கே.வி.எம். பெட்டி நிறுவல்: தகடூர் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஒரே கீபோர்டு, ஒரே மானிட்டர், ஒரே மவுஸ் ஆகியவற்றால் பல கணினிகளை ஆள உதவும் பெட்டி கே.வி.எம். சுவிட்ச் எனப்படும். அது மேசையோடு நிற்பது, நெட்வொர்க்கில் நடப்பது என இருவகைப்படும். மூன்றாம் வகை ஒன்று இருந்தால்தான் ஆய்வேடு நிறையும் என்பாரும் உளர்.

மேசை வகைக்குக் கேபிளின் நீளமே எல்லை.

நெட்வொர்க் வகையை ஐ.பி. கே.வி.எம். என்பர். ரிமோட் டெஸ்க்டாப்புக்கு விண்டோஸ் முதலில் எழுந்தாக வேண்டும். இதுவோ பயாஸ் திரையிலேயே கைகொடுக்கும். எனவே தகடூராகிய இன்றைய தருமபுரியில் எழ மறுக்கும் சர்வரை ஒகேனக்கல்லில் இருந்துகொண்டே சரிசெய்யலாம். அதைச் செய்வது அங்குள்ள எண்ணெய்க் குளியலுக்கு முன்பா பின்பா என்ற வினாவுக்கு, முன்பே என்பது பெரும்பான்மைக் கருத்து. பின்பு மவுஸ் வழுக்கும்.

ஒவ்வொரு கணினியிலிருந்தும் வீடியோ கேபிளும் யூ.எஸ்.பி. கேபிளும் பெட்டிக்கு வரும். பெட்டியிலிருந்து ஒரு லேன் கேபிள், 100 மீட்டருக்கு மிகாமல், நெட்வொர்க் சுவிட்சுக்குப் போகும். பெட்டிக்கு மாறாத ஐ.பி. முகவரி தரவேண்டும். கம்பெனி வைத்தனுப்பிய பாஸ்வேர்டை அன்றே மாற்றவேண்டும். இணையத்தில் நேராகத் திறந்துவைக்காமல் வி.பி.என். வழியாகவே நுழையவேண்டும். இவை பயனுள்ளவை என்பதால் அறிஞர் கவனத்தைப் பெறவில்லை.

கணினி மாற்றுவதற்குப் பல பெட்டிகளில் ஸ்க்ரோல் லாக்கை இருமுறை தட்டவேண்டும். வேறு எதற்கும் அதை யாரும் தொடுவதில்லை என்பதே அதன் தகுதி. இரு தட்டலுக்கும் இடையே குறிலளவு ஒரு மாத்திரையா, ஆய்தத்துக்குரிய அரை மாத்திரையா என்பது தீராத வழக்கு. கண்ணிமைப்பதே மாத்திரை என்று கொண்டால், மானிட்டரை வெறித்துப் பார்ப்பவர் இமைப்பதே இல்லையே என்று தடை எழுப்புவர்.

எந்தத் துளையில் எந்தக் கணினி என்று காட்டும் லேபிளே இத்துறையின் உயிர்நாடி. திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட தமிழிக் கல்வெட்டு, தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி உறைவிடம் ஈந்த செய்தியை ஒரே வரியில் முடிக்கிறது: யார், என்ன, அவ்வளவே. அவன் தலைநகரில் இன்று ஒட்டப்படும் லேபிள்களோ ‘அக்கவுண்ட்ஸ்’, ‘புதுசு’, ‘புதுசு 2’, ‘தொடாதே’ என்ற நடையில் அமைகின்றன. ‘புதுசு’ என்பதன் காலம் பெரும் சிக்கல். செலோடேப்பின் மஞ்சளைக் கொண்டு கணிப்பவர் ஒரு சாரார். பால்பாயின்ட் மையின் மங்கலைக் கொண்டு கணிப்பவர் மறுசாரார். இவர்களை மறுத்தெழுந்த கட்டுரையின் இரண்டாம் அடிக்குறிப்பு முதல் அடிக்குறிப்பை மறுப்பதாகவும், அது அச்சுப்பிழை என்று பதிப்பாசிரியர் கருதியதாகவும், அக்கருத்து கிடைக்காத பிரதியொன்றின் ஓரத்தில் பென்சிலால் எழுதப்பட்டிருப்பதாகவும் சொல்வர். ஸ்க்ரோல் லாக்கை இருமுறை தட்டி அந்தப் ‘புதுசு’ கணினியைப் பார்த்தவர் எவருமில்லை. பார்த்தால் காலம் தெரிந்துவிடும், கட்டுரை நின்றுவிடும்.

கணினியைக் கழற்றிய பிறகும் அகற்றப்படாத லேபிள் தனி வகை. நடுகற்களுக்குப் பெயர்பெற்ற மாவட்டம் இது என்பதால் அதை நடுகல் வகையில் அடக்குவதே முறை: தொறு எனும் ஆநிரை மீட்டுப் பட்ட வீரனுக்குக் கல், டேட்டா மீட்டுப் பட்ட சிஸ்டத்துக்கு லேபிள். அத்துளையில் புதுக் கணினியைச் செருகுவோர் பழைய லேபிளைக் கிழிப்பதில்லை, அதன்மேலேயே ஒட்டுவர். அடுக்குகளைப் பிரித்து ஆராய நிதி கோரப்பட்டுள்ளது.

பெட்டிக்கும் யூ.பி.எஸ். இணைப்பு வேண்டும். சர்வர்களை யூ.பி.எஸ்.ஸில் வைத்துப் பெட்டியைச் சுவர் பிளக்கில் விட்டால், கரண்ட் போனாலும் சர்வர்கள் ஓடும். ஓடுவதைப் பார்க்க முடியாது. இதில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை.