கடல் கொண்ட பட்டினமும் சோறு கண்ட காஞ்சியும்

கேள்வி: பாபிலோன் பாழாகும், நாடே நிலைகுலையும் என்று பைபிளில் ஏசாயா எச்சரிக்கிறாரே, நம் பக்கம் அப்படி ஏதாவது உண்டா?
- வாசகர், பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்

பதில்: உண்டு. கதை முடிவதே உங்கள் ஊரில்தான்! இந்திர விழாவை மறந்தால் காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கேடு என்கிறது மணிமேகலைக் காப்பியம். மகனைத் தொலைத்த துயரத்தில் சோழன் மறந்தான். கடல் ஊரை விழுங்கியது. தப்பிய மாதவியும் (காப்பிய நாயகி மணிமேகலையின் தாய்) பௌத்தத் துறவி அறவண அடிகளும் கடைசியில் வந்து சேர்ந்த காஞ்சியிலோ மழையில்லை, கடும் பஞ்சம். பைபிளில் நினிவே மக்கள் யோனாவின் எச்சரிக்கை கேட்டு மனம் திருந்தித் தப்பினார்கள். மணிமேகலையை எழுதிய சாத்தனார் பிடித்த வழி வேறு: நேரே அடுப்படிக்குப் போய்விட்டார். மணிமேகலை, அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபிப் பாத்திரத்தோடு காஞ்சிக்கு வருகிறாள். பல மொழி பேசும் கூட்டம் திரள்கிறது. பார்வையற்றோர், காது கேளாதோர், கால் முடங்கியோர், நாதியற்றோர், நோயாளிகள் என்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிச் சோறு போடுகிறார் புலவர். விலங்குகளுக்கும் பசி தீர்கிறது. நகரம் அழிந்ததைச் சுருக்கமாக முடித்தவர், பந்திக்கு இவ்வளவு இடம் கொடுத்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. உடலையும் கரையையும் இணைத்துக் கோர்வைச் சேலை நெய்யும் ஊர்க்காரரான உங்களுக்குத் தெரியாததா? மறுகரையில் நாடா வாங்கித் தர ஆள் இல்லையென்றால் தறி நின்றுவிடும். ஊரும் அப்படித்தான், ஒருவருக்கொருவர் கை கொடுத்தால்தான் நிலைக்கும். மணிமேகலையின் 28ஆம் காதையை இன்றே எடுத்துப் படியுங்கள்.