மோந்து பார்க்கும் சித்தப்பா

பழைய வண்டி வாங்கப் போகும்போது கூடவே கூட்டிக்கொண்டு போவோமே, அவரைத்தான் சொல்கிறேன். எங்கள் காரைக்கால் கோவில்பத்தில் அவர் எனக்குச் சித்தப்பா முறை. உங்கள் ஊரில் மாமாவாக இருப்பார், பெரியப்பாவாக இருப்பார். சொந்தமாக நாலு சக்கரம் மட்டும் வைத்திருக்க மாட்டார். எங்கள் சித்தப்பாவின் வாகனம் ஒரு டி.வி.எஸ். ஐம்பது. ஸ்டாண்டு போட்டு மிதித்தால் நாலாவது மிதியில் கிளம்பும். மூன்றாவதில் கிளம்பிவிட்டால் அன்றைக்கு நல்ல சகுனம். ஆனால் பார்வதீஸ்வரர் கோயில் பக்கத்திலிருந்து பாரதியார் சாலை வரைக்கும் எவன் பழைய வேன் வாங்கினாலும் இவர் மூக்கைத் தாண்டித்தான் வாங்க வேண்டும்.

மூக்கு என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. ஊரில் எல்லாரும் வண்டியைக் கண்ணால் பார்ப்பார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் காதால் கேட்பார்கள். சித்தப்பா மோந்து பார்ப்பார்.

விற்கிறவனிடம் ஏழு மணிக்கு வருகிறோம் என்று சொல்லிவிட்டு ஆறு மணிக்கே போய் நிற்பார். முதல் வேலையாகப் புறங்கையை பானட்டில் வைப்பார், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது போல. சூடாக இருந்தால் போச்சு. "என்ன தம்பி, காலங்காத்தால ஜுரம் அடிக்குது?" என்பார். நியாயம்தான். டீசல் இன்ஜின் குளிர்ந்து கிடக்கும்போதுதான் உண்மை பேசும். கம்ப்ரஷன் போனது, ஹீட்டர் பிளக் செத்தது எல்லாம் முதல் ஸ்டார்ட்டில் தெரிந்துவிடும். அதனால்தான் விற்கிறவன் நாம் வருவதற்குள் ஒரு ரவுண்டு ஓட்டிச் சூடாக்கி வைத்திருப்பான்.

அப்புறம் டிப்ஸ்டிக்கை உருவுவார். இந்த இடத்தில் நாற்காலி இருந்தால் உட்கார்ந்துகொள்வது நல்லது. உருவி, துடைத்து, திரும்பச் செருகி, திரும்ப உருவி, நுனியில் நிற்கிற ஆயிலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்ப்பார். மூக்குப்பொடி போடுகிறவர் போல ஒரு நிதானம். கண்ணை மூடுவார். விரலை மூக்குக்குக் கொண்டுபோவார். அதற்குள் ரோட்டில் போகிறவன்கூட நின்றுவிடுவான். டீசல் வண்டி ஆயில் கறுப்பாக இருக்கிறதே என்று நான் ஒருமுறை வாயைத் திறந்துவிட்டேன். "டீசல் வண்டியில ஆயில் மாத்துன மறுநாளே கறுத்துரும்டா. கலரைப் பாக்குறவன் புடவை எடுக்கப் போகணும்" என்றார், கண்ணைத் திறக்காமல். அவர் தேடுவது வாசனையை. ஆயிலில் டீசல் வாடை வந்தால் இன்ஜெக்டர் ஒழுகுகிறது. தீய்ந்த வாடை வந்தால் இன்ஜின் எப்போதோ காய்ந்து போயிருக்கிறது. ஆயில் ஊற்றும் வாயின் மூடி அடியில் பால் காப்பி நுரை மாதிரி ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது, ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்பட வேண்டும். இன்ஜின் ஓடும்போது அந்த மூடியைத் திறந்து, வாயின்மேல் தலைகீழாக வைத்துவிட்டுப் பார்ப்பார். மூடி தட்டாங்கல் மாதிரி துள்ளினால் 'பேக் கம்ப்ரஷன்', எழுந்து துண்டை உதறிவிடுவார்.

அதோடு விட்டாரா? ரேடியேட்டர் மூடியை மோந்து பார்ப்பார். பின்பக்கம் போய்ப் புகைக்குழாய் முன்னால் குந்துவார். கறுப்பு என்றால் டீசல் அதிகம் போகிறது, நீலம் என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளை காலையில் கொஞ்சம் வந்து நின்றுவிட்டால் சரி, நிற்காமல் வந்து அதில் தித்திப்பாக ஒரு வாடையும் இருந்தால் கூலன்ட் உள்ளே போய் வெந்துகொண்டிருக்கிறது. பிறகு உள்ளே ஏறி மிதியடியைத் தூக்கித் தரையை மோந்து பார்ப்பார். சென்னையில் 2015 டிசம்பரில் முழுகிய வண்டிகளும், 2023-ல் மிக்ஜாம் புயலில் முழுகிய வண்டிகளும் கழுவித் துடைத்து, சென்ட் அடித்துக்கொண்டு டெல்டாப் பக்கம் வந்து சேர்ந்தன என்பது அவர் கட்சி. "வண்டிக்குள்ள ஊதுபத்தி மணந்தா இறங்கி நடந்துருடா" என்பார். சீட் பெல்ட்டைக் கடைசிவரை உருவிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். எவ்வளவு கழுவினாலும் அதன் அடி நுனியில் சேற்றுக் கோடு நிற்கும்.

இந்த வழக்கம் வண்டியோடு நின்றிருந்தால் ஊருக்கு நல்லது. என் தங்கை நிச்சயதார்த்தத்தில் சம்பந்தி வீட்டு லட்டை எடுத்து மோந்து பார்த்து, "நெய் பழசு" என்று சபையில் சொன்னவர் அவர். கல்யாணம் நடந்தது. லட்டு மட்டும் அதன் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை.

எல்லாம் பார்த்து முடித்து வாங்கு என்பாரா, வேண்டாம் என்பாரா? "பாக்கலாம்" என்பார். பதினோரு வருஷமாக எனக்குப் 'பாக்கலாம்' சொல்லிக்கொண்டிருக்கிறார். 2017-ல் பி.ஒய். 02 போட்ட ஒரு டெம்போ டிராவலர், எங்கள் காரைக்கால் நம்பர், ஒரே கை ஓட்டிய வண்டி, விலையும் படிந்து வந்தது. மோந்து பார்த்தார். "ஆறு மாசத்துல இன்ஜின் இறங்கிரும்" என்றார். அந்த வண்டி இன்றைக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தினமும் காலை ஏழே முக்காலுக்கு என் வீட்டு வாசலைத் தாண்டிப் போகிறது. சரியாக என் வாசலில் ஹாரன் அடிக்கிறது. வளைவு இருப்பதால் அடிக்கிறான் என்கிறாள் மனைவி. எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. இவ்வளவு மோந்து பார்க்கிறவர் ஆர்.சி. புத்தகத்தை ஒருநாளும் விரித்துப் பார்த்ததில்லை. "அதெல்லாம் ஏஜென்ட் பாத்துப்பான்." ஏஜென்ட் பார்க்க மாட்டான். சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் புத்தகத்தில் இருப்பதும் இரும்பில் அடித்திருப்பதும் ஒன்றுதானா, கடன் கொடுத்தவன் பெயர் நீங்கியிருக்கிறதா, எஃப்.சி. எப்போது முடிகிறது என்று பார்க்க மூக்கு வேண்டாம், மூக்குக்கண்ணாடி போதும். வாடகை வண்டிக்கு எட்டு வயது தாண்டினால் எஃப்.சி. வருஷா வருஷம். இதைச் சொன்னால், "நீ கிளார்க் வேலைக்குப் போயிருக்கணும்" என்கிறார். நான் கிளார்க் வேலையில்தான் இருக்கிறேன்.

கொஞ்ச வருஷமாக ஒரு புது உபத்திரவமும் சேர்ந்துகொண்டது. ஆயில் விரலைத் தான் மோந்து பார்த்த கையோடு என் மூக்குக்குக் கீழே நீட்டுகிறார். "என்ன தெரியுது? சொல்லு." ஏதோ எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். "ம்ம். அதேதான்." வாரிசு தயார் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். மீசையில் இரண்டு நாள் ஆயில் நாறும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். சிக்ஸ் வண்டிகள் மேல் அவருக்கு ஏகப்பட்ட கோபம் வேறு. "யூரியா ஊத்துறானுவோ, ஃபில்டர் வைக்கிறானுவோ, வண்டின்னா ஒரு வாசனை வேணாம்?"

இப்படி இருக்கும்போதுதான் பிரான்ஸிலிருந்து மச்சான் வந்தார். காரைக்காலில் வீட்டுக்கு வீடு பிரான்ஸில் ஓர் ஆள் உண்டு. 1954-ல் பிரெஞ்சுக் கொடி இறங்கினாலும் பாஸ்போர்ட் இறங்கவில்லை. மச்சானின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா, பென்ஷன் அங்கிருந்து வந்தது. மச்சான் வருஷத்துக்கு மூன்று மாதம் இங்கே இருப்பார். இந்தத் தடவை அவருக்கு ஓர் ஆசை: ஒரு பழைய 'காம்பிங் கார்' வாங்கி, குடும்பத்தோடு கன்னியாகுமரி வரைக்கும் கோயில் கோயிலாகப் போக வேண்டும். அங்கே ரிட்டயரான தம்பதி எல்லாம் அதில்தான் ஊர் சுற்றுகிறார்களாம். நமக்கு கேரவன் என்றால் சினிமாக்காரர் மேக்கப் போடுகிற பஸ்தான் தெரியும். அப்படி ஒன்றுதான் கிடைத்தது, சென்னையில் வளசரவாக்கம் பக்கம். டிராவலரில் கட்டிய டீசல் கேரவன். முதலில் ஷூட்டிங்குக்கு நின்றது, அப்புறம் வாங்கியவர் அடுப்பு, சிங்க் எல்லாம் வைத்திருந்தார்.

"டிராவலர்னா பஜாஜ் டெம்போ 1987-ல இறக்குனது மாப்ள" என்று மச்சானிடம் ஆரம்பித்தார் சித்தப்பா, முதல்நாள் ராத்திரியே. "அந்தக் கம்பெனி பென்ஸ்காரன்கிட்ட லைசென்ஸ் வாங்கி இன்ஜின் செஞ்ச கம்பெனி. மோந்தாலே தெரியும்." மச்சான், அங்கே நாலு வயது தாண்டிய வண்டியை இரண்டு வருஷத்துக்கு ஒருதரம் 'கொந்த்ரோல் தெக்னிக்' சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும், விற்கிறவன் ஆறு மாதத்துக்குள் எடுத்த காகிதத்தை வாங்குகிறவன் கையில் கொடுக்க வேண்டும் என்றார். "காகிதத்தை மோந்தா காகித வாசனைதான் வரும்" என்று முடித்துவிட்டார் சித்தப்பா.

மனசாட்சியோடு சொல்கிறேன், மறுநாள் வளசரவாக்கத்தில் அந்த மனுஷன் பிரமாதப்படுத்தினார். மீட்டர் நாற்பதாயிரத்துச் சொச்சம் காட்டியது. மச்சான் முகம் மலர்ந்தது. "இது ஓடுன வண்டி இல்ல மாப்ள, நின்ன வண்டி. நின்ன வண்டி ஓடுன வண்டியவிட மோசம்" என்றார் சித்தப்பா. டயரில் பட்டன் அப்படியே புதுசாக இருந்தது. பக்கவாட்டில் துடைத்துவிட்டு நாலு எண்ணைக் காட்டினார்: 1816. "2016-ஆம் வருஷம் பதினெட்டாவது வாரத்துல செஞ்சது. நின்னே செத்துருக்கு." விரிசல் விரிசலாக வறண்டிருந்தது. நிற்கிற வண்டியில் டீசல் டேங்கில் தண்ணீர் கோக்கும், பேட்டரி சாகும், ரப்பர் ஹோஸ் எல்லாம் கருவாடு ஆகும். செட்டில் ஏ.சி.க்காக நாள் முழுக்க இன்ஜினை ஓடவிட்டிருந்தால் அந்தக் கணக்கு மீட்டரில் ஏறவே ஏறாது. கூரையில் ஏ.சி. வைக்க வெட்டிய இடத்தைச் சுற்றிக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டே வந்தார். ஒரு மூலையில் பிளைவுட் இட்லி மாதிரி உள்வாங்கியது. கேரவனில் இன்ஜின் போனால் இன்ஜின் மாற்றலாம், கூரையில் மழை இறங்கினால் வண்டியையே மாற்ற வேண்டும் என்று மச்சானே மெல்ல ஒப்புக்கொண்டார். அவர்கள் ஊரிலும் அதுதானாம். அண்டர்பாடியில் அடித்திருந்த புதுக் கறுப்புப் பெயின்ட்டை ஸ்குரூடிரைவர் நுனியால் தட்டினார், பொருக்கு உதிர்ந்தது. உப்புக்காற்றில் வளர்ந்தவனிடம் துருவை மறைக்க முடியுமா?

பிறகு அடுப்புக்கு வந்தார். சிலிண்டர் கீழே ஒரு பெட்டிக்குள் இருந்தது. குந்தி உட்கார்ந்து, தலையை உள்ளே விட்டு, ட்யூபை நுனியிலிருந்து ரெகுலேட்டர் வரை மோந்தார். "கேஸ் சுத்தம். ஒரு லீக்கு இல்ல."

நான் வாசல் படியில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு அடித்தது. மச்சானுக்கும் அடித்தது, அவர் கைக்குட்டையை எடுத்துவிட்டார். சமையல் கேஸுக்குச் சொந்தமாக வாசனை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று அந்த அழுகல் நாற்றத்தை வேண்டுமென்றே சேர்த்து அனுப்புகிறார்கள். காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். சித்தப்பா தரையோடு முகம் வைத்து உட்கார்ந்திருந்தார், நிம்மதியாக.

ஓடிப்போய் ரெகுலேட்டரை மூடினேன். ஜன்னலைத் திறந்தோம். விற்கிறவர் சோப்புத் தண்ணீர் கொண்டுவந்து ட்யூபில் தடவினார். ஒரு இடத்தில் முட்டை முட்டையாக வந்தது. சித்தப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டு நாளா ஜலதோஷம்டா" என்றார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் சிதம்பரத்தில் காப்பிக்கு நிறுத்தினோம். நான் தள்ளிப்போய்ச் சித்திக்கு போன் போட்டேன். "உனக்குத் தெரியாதா? கொரோனா ரெண்டாவது அலையில ஜுரம் வந்துச்சே, அதோட போனதுப்பா மூக்கு. பால் அடிபிடிச்சு வீடே நாறுது, மனுஷன் பக்கத்துல பேப்பர் படிச்சிட்டிருக்காரு. வெளில சொல்லாதன்னு சத்தியம் வாங்கிட்டாரு" என்றாள் சித்தி.

2021-க்குப் பிறகு எனக்காக ஐந்து வண்டி பார்த்தோம். ஐந்தும் வேண்டாம் என்று போனது. ஐந்து தடவையும் என் மீசையில் ஆயில். அந்தக் கடைக்கு வெளியே நின்றுகொண்டு ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். நான் டீசல் வாடை என்றேன், ஒன்று போச்சு. நான் தீய்ந்த வாடை என்றேன், இன்னொன்று போச்சு. அதில் ஒன்று நல்ல வண்டியாகக்கூட இருந்திருக்கும். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நேரே போய் இரண்டு வார்த்தை கேட்டுவிடலாம் என்றுதான் உள்ளே வந்தேன்.

மச்சான் கை கழுவப் போயிருந்தார். சித்தப்பா முன்னால் டபரா ஆவி பறந்துகொண்டிருந்தது. பழக்க தோஷத்தில் டம்ளரைத் தூக்கினார், கண்ணை மூடினார், மூக்குக்குக் கொண்டுபோனார். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு கண்ணைத் திறந்து, டம்ளரை என் பக்கம் நீட்டினார்.

"எப்படி இருக்கு, பாரு."

மோந்து பார்த்தேன். "ரெண்டாவது டிகாஷன், சித்தப்பா."

"நினைச்சேன்" என்றார்.