கோளாறு சொல்லும் அண்ணாச்சி

வாசுதேவநல்லூருக்கும் புளியங்குடிக்கும் இடைப்பட்ட எலுமிச்சைத் தோப்புகளில் எந்த மோட்டார் நின்றாலும், எலக்ட்ரீஷியன் வருவதற்கு முன்பே வந்து நிற்கும் ஒருவர் உண்டு; கடையோ கருவிப்பெட்டியோ இல்லாத அவருடைய சட்டைப்பையில், பேனா இருக்கவேண்டிய இடத்தில் ஒரு டெஸ்ட்டர் மட்டும் செருகப்பட்டிருக்கும். அதை அவர் எங்காவது வைத்துப் பார்த்ததற்குச் சான்று இல்லை. ஊரார் அவரை அண்ணாச்சி என்றே அழைப்பர். எனினும் இவ்வினத்தார் தென்காசி வட்டாரமெங்கும் பரவியிருப்பதால், தனி மனிதராகக் கொள்ளாமல் ஒரு வகையாகக் கொள்வதே பொருந்தும்.

பழுதுக்குரிய காரணங்களுள் கடைசியானதை முதலில் சொல்வது இவ்வகையினரின் தலையாய இலக்கணம். மும்முனை மோட்டார், அதாவது மூன்று கம்பிகளிலும் மின்சாரம் ஒருசேர வந்தால் மட்டுமே முறையாகச் சுழலத் தொடங்கும் மோட்டார், ஒரு முனை தவறினால் சுழல மாட்டாமல் உறுமும். அதை உடனே அணைக்காவிட்டால், உள்ளே சுற்றப்பட்டுள்ள செம்புக் கம்பியாகிய காயில் சூடேறிக் கருகும். ஆகவே முதலில் மூன்று முனைகளும் வருகின்றனவா என்றும், பிறகு ப்யூஸ், அதன்பின் மின்னோட்டம் மிகுந்தால் தானே துண்டிக்கும் ரிலே என்றும் வரிசையாகப் பார்த்துவருவதே தொழில் தெரிந்தவர் வழக்கம். அண்ணாச்சியோ வேப்பமர நிழலை விட்டு நகராமலே, "காயில் போயிட்டுய்யா, மோட்டார மேல ஏத்திருங்க" என்று தீர்ப்பளித்துவிடுவார். ஆழ்துளைக் கிணற்றுக்குள் இறக்கிய நீர்மூழ்கி மோட்டாரை ஏற்றுவதென்றால் ஆள் பிடித்து, சங்கிலி கட்டி, குழாய் குழாயாகக் கழற்றியாக வேண்டும். ஏற்றி முடித்த பிறகு மோட்டார் நலமாக இருப்பதும், அறுந்திருந்தது ஒரு ப்யூஸ் கம்பி மட்டுமே என்பதும் தெரியவரும்போது, "லைன்லதான் கோளாறுன்னு நா அப்பமே சொன்னேம்லா" என்பார். அப்படிச் சொன்னதாக ஒருவருக்கும் நினைவிராது. மறுப்பதற்கு ஒருவருக்கும் தெம்பிராது.

தமிழ்நாட்டில் உழவர்களின் பம்ப்செட் மின்சாரத்துக்குக் கட்டணம் இல்லை. அண்ணாச்சியின் யோசனைக்கும் இல்லை. இரண்டும் எப்போது வரும், எப்போது நிற்கும் என்பது பெறுபவர் கையிலும் இல்லை.

இத்தகையவர் கடற்கரைக்குச் சுற்றுலா போய், அங்கே ஒரு வாட்டர் ஸ்கூட்டர் கிளம்பாமல் நிற்கக் கண்டாரானால் சும்மா இருக்கமாட்டார். கவாசாகி நிறுவனம் 1970களில் ‘ஜெட் ஸ்கி’ என்னும் பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்து உலகறியச் செய்த இவ்வூர்தி, அடியில் நீரை உறிஞ்சிப் பின்புறமாகப் பீய்ச்சி, அந்த உந்துதலால் ஓடுவது. அதைக் கிளப்புவது 12 வோல்ட் பேட்டரி. பொத்தானை அழுத்தும்போது ‘டிக்’ என்ற ஓசை மட்டும் கேட்டால், ஸ்டார்ட்டருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் ரிலே உழைக்கிறது என்றும், பெரும்பாலும் பேட்டரி தளர்ந்திருக்கிறது அல்லது அதன் முனையில் உப்புநீர் பட்டுப் பச்சைப் பொடி பூத்திருக்கிறது என்றும் கொள்ளலாம். அண்ணாச்சி எதற்கும் சொல்லும் மற்றொரு மருந்தான "எர்த்து சரியில்ல" என்பது இங்கே பலிக்கவும் கூடும்; பேட்டரியின் எதிர்முனைக் கம்பியை எஞ்சினோடு பிணைக்கும் இடத்தை உப்பு அரிப்பது கடலோரத்தில் அடிக்கடி நேர்வதே. உப்புக்காற்று செய்த வேலைக்கு அவர் பெயர் வாங்கிக்கொள்வதில் தவறொன்றுமில்லை. ஆனால் ஓட்டுபவர் விழுந்தால் எஞ்சின் தானே நிற்பதற்காக அவருடைய மணிக்கட்டில் கட்டப்படும் பாதுகாப்புக் கயிற்றின் மறுமுனை, எஞ்சினை அணைக்கும் பொத்தானடியில் மாட்டப்படாவிட்டாலும் வண்டி கிளம்பாது. முதலில் பார்க்கவேண்டிய அக்கயிறு தம் கண்ணெதிரே தொங்கிக்கொண்டிருக்க, அண்ணாச்சி எஞ்சினைப் பிரிக்கச் சொல்லிக்கொண்டிருப்பார். படகுக்காரப் பையன் கயிற்றை மாட்டி வண்டியைக் கிளப்பிக் கொண்டுபோன பிறகும், அது தாம் தட்டிக்கொடுத்ததால் ஓடியது என்ற நம்பிக்கை அவரை விட்டு அகலாது.

குற்றாலத்தில் சாரல் தொடங்கி, வெண்ணமடைக் குளத்தில் படகுச் சவாரி நடக்கும் நாட்களில் அவரை அங்கும் காணலாம். மிதிபடகு ஒன்றின் சக்கரத்தில் பாசி சிக்கி அது நடுக்குளத்தில் நின்றுவிட்டால், உள்ளே மிதித்து மிதித்துக் கால் ஓய்ந்த மருமகனை நோக்கிக் கரையிலிருந்தே உரத்த குரலில் கேட்பார்: "மாப்ளே, அதுல பேட்டரி எங்க இருக்குன்னு மொதல்ல பாருங்க!"