பீலித் தண்ணியும் பிட்ச் போட்டியும்

கண்டி வாவிக்கரை ஹோட்டல் மண்டபங்களுக்கு இப்போது புது விருந்தாளிகள்: உயர்தர வகுப்புப் பிள்ளைகள். கலஹா, தெல்தோட்டை, ஹந்தானைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து விடிய முன் பஸ் ஏறி வந்தவர்கள். ஏசி குளிரில் நடுங்கும் கைகளில் டிமைத் தாளும் மாக்கரும் கொடுக்கிறார்கள். கொழும்பிலிருந்து வந்த வளவாளர் கேட்கிறார்: "உங்க சமூகத்தில உள்ள பிரச்சினை என்ன? அதை எப்படி வியாபாரமாக்கலாம்?" இதற்குப் பெயர் சமூகத் தொழில்முயற்சியாண்மை.

"சேர், எங்க லயத்துக்குப் பீலித் தண்ணி சரியா வர்றதில்ல."

"சுப்பர்! அது பிரச்சினை இல்ல தங்கச்சி, வாய்ப்பு!"

பின்னேரத்துக்குள் தங்கச்சி மூன்று நிமிட பிட்ச் தயாரிக்க வேண்டும். வடிகட்டிய தண்ணீரைப் போத்தலில் அடைத்து லயத்திலேயே விற்பாள். யாருக்கு? கொழுந்து கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போடப்படும் பக்கத்து வீட்டு அக்காவுக்கு. தண்ணீர் தர வேண்டியவர் துரையா, பிரதேச சபையா, அமைச்சா என்று எந்த நடுவரும் கேட்கமாட்டார். அந்தக் கேள்விக்கு டிமைத் தாளில் கட்டம் இல்லை.

திரையில் முகமது யூனுஸ் சிரிக்கிறார். 2006 நோபல் பரிசு, ஏழைப் பெண்களுக்குச் சிறுகடன். நல்லது. அதே சிறுகடன் இலங்கையில் என்ன செய்தது என்ற அடுத்த படம்தான் வளவாளரிடம் இல்லை. வறட்சிப் பிரதேசப் பெண்கள் நுண்கடன் கம்பனிகளிடம் பட்ட கடனில் ஒரு இலட்சம் ரூபா வரையானதை 2018-இல் அரசாங்கமே தள்ளுபடி செய்ய வேண்டியிருந்தது. அதே வருடம் இங்கு வந்த ஐ.நா. நிபுணர் பொஹோஸ்லாவ்ஸ்கி, வட்டி 220 வீதம் வரை போனதைச் சுட்டிக்காட்டினார். அந்தக் கம்பனிகளும் பெண்களைக் கைதூக்கிவிடவே வந்தன. கிழமைக் காசுக்காரன் வந்தால் "அம்மா வீட்டில இல்ல" என்று சொல்லிப் பழகிய பிள்ளைக்கு இதை விளக்கப் படமும் வேண்டாம்.

வியாபார மாதிரி வேண்டுமா? தோட்டத்திலேயே இருக்கிறது. தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதத்தைப் பிடித்து, தொழில்கொடுநர் 12 வீதம் சேர்த்து ஊழியர் சேமலாப நிதிக்குக் கட்ட வேண்டும் என்பது சட்டம். அரசுக்குச் சொந்தமான ஜனவசமவும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் கட்டாமல் வைத்திருக்கும் நிலுவை ஊரறிந்த கதை. முதலீடு தொழிலாளியுடையது, இலாபம் தொழில்கொடுநருடையது, ஆபத்தும் தொழிலாளியுடையதே. இந்த மாதிரியை எந்தப் பல்கலைக்கழகம் கற்பித்ததோ!

2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் மலையைச் சரித்து, கண்டி மாவட்டத்தை மயானமாக்கிவிட்டுப் போனது. இனி மண்சரிவு எச்சரிக்கைக்குச் செயலி செய்யச் சொல்லி ஒரு போட்டி வரும். பரிசாக ஒரு டெப்லெட் கொடுப்பார்கள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் எத்தனையோ வருடமாக எச்சரிக்கை விடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. எழும்பிப் போகக் காணி இல்லாததற்குச் செயலி என்ன செய்யும்?

பிள்ளைகள் சமூக வேலை செய்யக்கூடாது என்று நான் சொல்லவில்லை. 1958-இல் நாலந்தா கல்லூரி ஆசிரியர் ஏ.டி. ஆரியரத்ன மாணவர்களைக் கனதொலுவ கிராமத்துக்குக் கூட்டிப்போய் ஊராரோடு சேர்ந்து மண்வெட்ட வைத்தார். சர்வோதயம் அப்படித்தான் பிறந்தது. நம் பிள்ளைகளையோ நாம் தங்கள் வறுமையை மேடையேற்றி நடுவரிடம் புள்ளி வாங்கப் பழக்குகிறோம். உயர்தரத்தில் கணிதம், விஞ்ஞானம் படிக்க ஆசிரியர் இல்லாமல் கலைப்பிரிவுக்குத் தள்ளப்பட்ட பிள்ளையிடம் போய்ப் புத்தாக்கம் கேட்க வெட்கமாக இல்லையா?

வணிகம் படிப்பிக்கும் ஆசிரியர்களே, அடுத்த பஸ்ஸைத் திருப்பி அனுப்புங்கள். அம்மாவின் சம்பளச் சீட்டையும் நுண்கடன் ஒப்பந்தத்தையும் கொண்டுவரச் சொல்லி, வட்டி எத்தனை வீதம், சேமலாப நிலுவை எவ்வளவு என்று பிள்ளைகளையே கணக்குப் போடவிடுங்கள். தொழில் திணைக்களத்துக்குக் கண்டியிலேயே அலுவலகம் இருக்கிறது. முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். கொடுத்த திகதியைப் போட்டு ஒரு பிரதியில் கையெழுத்து வாங்க மறக்க வேண்டாம்.