கிரியேட்டிவ் மோடில் ஒரு காலனி

அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போகும் அப்பாக்களுக்குக் குழந்தை பார்ப்பது, பாத்திரம் தேய்ப்பது என்று வேலைகள் தயாராக இருக்கும். வர்ஜீனியாவில் எனக்கு வாய்த்தது ஹோம்வொர்க். ரிட்டயர்டு வரலாற்று வாத்தியார் என்பதால், நாலாங்கிளாஸ் பேரனின் ப்ராஜெக்ட் என் தலையில் விழுந்தது. மைன்கிராஃப்ட் விளையாட்டில் ஜேம்ஸ்டவுன் கட்ட வேண்டும். 1607-இல் வந்திறங்கிய ஆங்கிலேயர்கள், அமெரிக்காவில் முதன்முதலாக நிலைத்து ஒட்டிக்கொண்ட இடம் அது.

நான் காபி ஆற்றிக் குடிப்பதற்குள் பையன் கட்டி முடித்துவிட்டான். முக்கோணக் கோட்டை, சர்ச், வாசலில் நாலு பன்றி.

“எத்தனை பேர்டா செத்தாங்க?”

“யாரும் சாகல தாத்தா. இது கிரியேட்டிவ் மோட். பசிக்கவே பசிக்காது. மரக்கட்டையும் தீராது.”

உள்ளே தூங்கிக்கொண்டிருந்த வாத்தியார் எழுந்துவிட்டார். “நிஜமா ஆடினவங்க எந்த லட்சணத்துல ஆடினாங்கன்னு சொல்றேன், கேளு.”

லண்டனில் வர்ஜீனியா கம்பெனி என்று ஒன்று. அதன் பொருளாளர் சர் தாமஸ் ஸ்மைத். நம் பக்கம் கடை விரித்த கிழக்கிந்தியக் கம்பெனிக்கு முதல் கவர்னரும் அவரேதான். ஒரே முதலாளி, ரெண்டு கிளை. அவர்கள் மூன்று கப்பலில் ஆள் அனுப்பினார்கள். தலைவர்கள் யார் என்று கிளம்பும்போது சொல்லவில்லை. ஏழு பேர் பட்டியலைப் பெட்டியில் போட்டு சீல் வைத்து, கரை சேர்ந்ததும் பிரிக்கச் சொன்னார்கள். பிரித்தால், உள்ளே ஜான் ஸ்மித் பெயர். கலகம் செய்யப் பார்த்தான் என்று வழியிலேயே பிடித்துக் கைதியாக வைத்திருந்தார்களே, அதே ஆசாமி!

அடுத்து இடம் பார்த்தார்கள். கரையோரமே ஆழம் இருந்ததால் கப்பலை மரத்தில் கட்டலாம், அவ்வளவுதான் வாஸ்து. சுற்றிலும் சதுப்பு, கொசு, கோடையில் உப்புக் கரிக்கும் ஆற்றுத்தண்ணீர். உள்ளூர்க்காரன் ஒருத்தன்கூட அங்கே வீடு கட்டவில்லையே, ஏன் என்று விசாரித்திருக்க வேண்டாமா? ஏரிக்குள் பிளாட் வாங்கியவர்களுக்கு இந்த வலி தெரியும். போதாக்குறைக்கு, பல நூறு வருஷங்களில் காணாத வறட்சி வேறு. இறங்கிய 104 பேரில் அடுத்த ஜனவரியில் மிஞ்சியது 38.

“உடனே விவசாயிங்கள அனுப்பியிருப்பாங்க, இல்ல?” என்றான் பேரன்.

அனுப்பினார்கள், ஆறு தையல்காரர்களை. கூடவே ரெண்டு பொற்கொல்லர், ஒரு நகை வேலைக்காரர், ஒரு வாசனைத் திரவியக்காரர். சோற்றுக்கு வழியில்லாத ஊரில் எல்லோரும் தங்கம் தோண்டினார்கள். மின்னிய மண்ணைக் கப்பல் நிறைய லண்டனுக்கு ஏற்றினார்கள். மண், மண்ணாகவே போய்ச் சேர்ந்தது.

சோளம் கொடுத்துக் காப்பாற்றியவர்கள் அந்த மண்ணின் பவ்ஹாட்டன் மக்கள். அவர்களுடைய தலைவரைக் குளிர்விக்க 1608-இல் கம்பெனி ஒரு யோசனை செய்தது: நாமே அவருக்கு முடிசூட்டிவிடலாம். ஏற்கெனவே ராஜாவாக இருப்பவருக்கு! கோட்டைக்கு வரச் சொன்னார்கள். “நானும் ராஜா, இது என் நாடு, நீங்கள் வாருங்கள்” என்று சொல்லிவிட்டார். தாமிரக் கிரீடம், கட்டில், சிவப்பு அங்கியோடு இவர்கள் போனார்கள். மண்டியிடச் சொன்னால் மாட்டேன் என்கிறார். நாலு பேர் தோளைப் பிடித்து அமுக்கி, லேசாகக் குனிந்த நொடியில் கிரீடத்தைத் தலையில் கவிழ்த்துவிட்டார்கள். பதில் மரியாதையாக அவர் கொடுத்தது ஒரு மேலாடையும், தன் பழைய செருப்பும்.

பேரன் உருண்டு சிரித்தான். அடுத்ததைச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொன்னேன், பாதியை. 1609 குளிர்காலத்தில் கோட்டைக்குள் ஏறக்குறைய முந்நூறு பேர். வசந்தத்தில் சுமார் அறுபது. குதிரை, நாய், எலி, கடைசியில் பூட்ஸ் தோல்வரை தின்றார்கள். அதற்குப் பிறகு எதைத் தின்றார்கள் என்பதை, 2012-இல் அங்கே கிடைத்த பதினாலு வயதுப் பெண்ணின் மண்டையோட்டில் இருந்த கத்திக் கீறல்கள் சொல்கின்றன. அதை விழுங்கிக்கொண்டேன்.

கடைசியில் ஊரைக் காப்பாற்றியது புகையிலை. ஊருக்கே பெயர் கொடுத்த ஜேம்ஸ் மன்னர், புகையிலை நாற்றமே ஆகாது என்று 1604-இல் தனியாகப் புத்தகம் போட்டுத் திட்டியவர்! அவர் பெயர் சொல்லும் ஊரில் தெருவில்கூடப் புகையிலை நட்டார்கள். நட்டால் போதுமா, வெயிலில் வேலை பார்க்க ஆள் வேண்டாமா? 1619 ஆகஸ்டில், அங்கோலாவில் பிடிபட்ட இருபது சொச்சம் ஆப்பிரிக்கர்களை ஒரு கப்பல் கொண்டுவந்தது. உணவுப் பொருளுக்கு அவர்களை மாற்றிக்கொண்டார்கள். 1994-இல் ‘காலனைசேஷன்’ என்றே ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு வந்தது. அதில் புகையிலை உண்டு, பருத்தி உண்டு, கரும்பு உண்டு. அடிமை மட்டும் கிடையாது. பயிர் தானாக அறுவடையாகிக் கப்பலேறிவிடும்போல.

பேரன் கொஞ்சநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். “தாத்தா, அங்க ஏற்கெனவே ஆள் இருந்தாங்கன்னா அது அவங்க சர்வர். நாமதான் போய் ஜாயின் பண்ணியிருக்கோம். கேக்காம மரம் வெட்டினா அட்மின் தூக்கிடுவாரு.”

முப்பது வருஷம் பாடம் நடத்தியும், காலனி ஆதிக்கத்தை இத்தனை சுருக்கமாக நான் கரும்பலகையில் எழுதியதில்லை.

கோட்டையை அழித்துவிட்டு சர்வைவல் மோடில் முதலிலிருந்து ஆரம்பித்தான். மூன்று தரம் செத்தான். நாலாவது தரம், கோட்டை வாசலில் ஒரு பெட்டியை வைத்து, அதற்குள் ஒரு ஜோடி தோல் பூட்ஸ் மட்டும் போட்டு மூடினான்.

“டீச்சர் கேட்டா என்னடா சொல்லுவே?”

“ராஜா குடுத்த கிஃப்ட். பசிச்சா சாப்பிட்டுக்கலாம்.”