அருவி இருக்கும், ஆள் இருக்காது

ஏற்காட்டில் கூட்டம் அலைமோதுவது மே மாதத்தில். கோடை விழா, மலர்க் கண்காட்சி, 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஹாரன் சத்தம், ஏரியில் படகுக்கு வரிசை. வந்ததுதான் வந்தோம் என்று கிளியூர் அருவியையும் ஒரு எட்டு பார்க்கப் போவார்கள். அங்கே விழுவது ஏற்காடு ஏரி நிரம்பி வழியும் தண்ணீர். மே மாதத்தில் ஏரி எங்கே வழிவது? மூச்சு வாங்கப் படி இறங்கி, 300 அடிப் பாறையை அண்ணாந்து பார்த்து, "மழை பெஞ்சா இங்கதான் விழும்" என்று பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு ஏறி வருவார்கள். காலி மனையைக் காட்டி "இதுதான் ஹால்" என்று சொல்லும் தரகர் தோற்றார்.

அதனால் நாங்கள் நவம்பரில் போனோம். சீசன் இல்லாதபோது அறை வாடகை இறங்கும் என்பது என் கணக்கு. "ஏன் இறங்குதுன்னு யோசிச்சீங்களா?" என்பது வீட்டம்மாவின் கணக்கு. விடுதியில் எங்களைத் தவிர ஈ காக்கை இல்லை. மேனேஜர், வாட்ச்மேன், சமையல்காரர் எல்லாம் ஒரே தம்பிதான். தோசையை வார்த்தவரே கொண்டுவந்து வைத்து, பக்கத்தில் நின்று "டிபன் எப்படிங்க சார்?" என்று கேட்டால் உண்மையை எப்படிச் சொல்வது?

லேடீஸ் சீட் என்ற காட்சிமுனையிலிருந்து சேலம் முழுக்கத் தெரியும், வானம் தெளிந்திருந்தால் மேட்டூர் அணைகூடத் தெரியும் என்பார்கள். எங்களுக்குக் கைப்பிடிக் கம்பி தெரிந்தது. மிளகாய் பஜ்ஜி வாசனை வந்தது, கடையைக் காணோம். மோப்பம் பிடித்தே போய்ச் சேர்ந்தோம். "சேலம் அந்தப் பக்கங்க" என்று கடைக்கார அம்மா பனிக்குள் கையை நீட்டினார். நம்பி, அந்தத் திசையில் நின்று படம் எடுத்துக்கொண்டோம்.

கிரேக்கத்தின் சின்னத் தீவுகளில் குளிர்காலம் வந்தால் பல உணவகங்களை இழுத்துப் பூட்டிவிடுவார்கள், கப்பல் வரத்தும் குறைந்துவிடும். ஏற்காட்டுக்காரர்களுக்கு அப்படி ஓய்வெடுக்கக் கொடுப்பினை இல்லை. ஊட்டிக்குப் போகக் காசில்லாதவர்கள் வரும் ஊர் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவர்களுக்கோ இது காப்பி ஊர். 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்த காப்பி. நவம்பரில் பழம் பறிப்பு. சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி, அடியில் காப்பிச் செடி, நடுவில் செல்ஃபி எடுத்தபடி நாங்கள். "கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?" என்றார் கூடையோடு வந்த பாட்டி. சீசன் இல்லை என்று யார் சொன்னது? நமக்குத்தான் இல்லை.

அருவி? பாதிப் படியிலேயே இரைச்சல் கேட்டது. குடை பிடித்துக்கொண்டு அருவி பார்த்தோம். கடலைப் பொட்டலத்தைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு போனதைக்கூட வீட்டம்மா கவனிக்கவில்லை. அப்படி விழுந்தது தண்ணீர். நனைந்த துண்டு மட்டும் கடைசிவரை காயவே இல்லை.

மழைக்காலத்தில் போகிறவர்கள் அடிவாரத்திலேயே விசாரித்துவிட்டு ஏறுங்கள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது. பாதை திறந்திருந்தால் தாராளமாகப் போகலாம். துண்டு மட்டும் ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.